அண்ணன் டிக்கெட்டில் தம்பி போகலாமா?

பெரம்பலூரில் ஒரு குடும்பம். பள்ளி விடுமுறைக்குச் சென்னைக்குப் போய், பிள்ளைகளைத் தீம் பார்க்குக்கு அழைத்துப்போக ஏற்பாடு. அரியலூரிலிருந்து ரயிலில் ஐந்து சீட், பார்க்கில் ஐந்து டிக்கெட். எல்லாம் அப்பாவின் போனில் பத்திரமாக இருக்கிறது. புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது மூத்த மகனுக்குத் தேர்வுத் தேதி மாறிவிடுகிறது. "அதனாலென்ன, அவன் டிக்கெட்ல சித்தப்பா பையன் வரட்டுமே. அவனும் தம்பிதானே!" என்கிறார் பாட்டி.

எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய பேச்சுதான் இது. காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டை வீணாக்க யாருக்கும் மனசு வராது. ஆனால் அந்த ஒரே போனில் இருக்கும் இரண்டு டிக்கெட்டும் ஒரே ஜாதி அல்ல. ஒன்றைப் பெரும்பாலும் கைமாற்றிவிடலாம். இன்னொன்றைக் கைமாற்றினால் சட்டப்படி குற்றம். எது எது என்று தெரியாமல் போய் நின்றால், மாட்டிக்கொள்வது டிக்கெட் வாங்கியவர் மட்டுமல்ல, ஒன்றுமே தெரியாமல் கூட வந்த பையனும்தான்.

பெயர் கேட்காத டிக்கெட்

டிக்கெட்டில் இரண்டு வகை. யார் கையில் இருக்கிறதோ அவருக்குச் சொந்தமானது ஒன்று. யார் பெயர் அச்சாகியிருக்கிறதோ அவருக்கு மட்டுமே சொந்தமானது இன்னொன்று.

சினிமா, பொருட்காட்சி, டவுன் பஸ் எல்லாம் முதல் வகை. 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் நடைமுறையில் இருக்கிறது. அதில்கூட யாரும் பெயரோ அட்டையோ கேட்பதில்லை. ஏறியவருக்கு ஒரு சீட்டு, அவ்வளவுதான்.

முன்பதிவு செய்த ரயில் டிக்கெட், ரயில் சீசன் டிக்கெட், விமான டிக்கெட் ஆகியவை இரண்டாம் வகை. அரியலூரிலிருந்து தினமும் திருச்சிக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குச் சீசன் டிக்கெட்டின் கதை நன்றாகத் தெரியும். அதோடு புகைப்படம் ஒட்டிய அடையாள அட்டையும் இருக்க வேண்டும். இன்றைக்கு லீவு போட்டுவிட்டேன் என்று பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்தச் சீசனைக் கொடுத்தனுப்ப முடியாது.

தீம் பார்க் டிக்கெட் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதைப் பிறகு பார்க்கலாம். முதலில் ரயில்.

சட்டம் என்ன சொல்கிறது?

பெரம்பலூர் மாவட்டத் தலைநகர்தான். ஆனாலும் ஊருக்கு ரயில் கிடையாது. சென்னைக்கு ரயிலில் போக வேண்டுமென்றால் சுமார் 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அரியலூருக்கு வந்து பல்லவனையோ வைகையையோ பிடிக்கிறவர்கள் ஏராளம். பஸ் பிடித்து, சாமான் தூக்கி, ரயிலடிக்கு வந்து சேர்ந்த பிறகு "இந்த டிக்கெட் செல்லாது" என்று கேட்பதைப்போல எரிச்சல் வேறு இல்லை. அதனால் விதியை முன்கூட்டியே தெரிந்துகொள்வது இந்த ஊர்க்காரர்களுக்குக் கூடுதல் அவசியம்.

ரயில்வே சட்டம் 1989-ன் 53-வது பிரிவு இதைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறது. ஒருவர் பெயரில் கொடுத்த டிக்கெட்டை அவர் மட்டும்தான் பயன்படுத்த வேண்டும். ஒரே ரயிலில் போகிறவர்கள் தங்களுக்குள் சீட்டையோ படுக்கையையோ மாற்றிக்கொள்வதற்கு மட்டும் தடையில்லை. பாட்டிக்குக் கீழ் படுக்கை வேண்டுமென்று எதிரில் இருப்பவரிடம் கேட்டு மாற்றிக்கொள்கிறோமே, அது சட்டம் அனுமதிக்கிற விஷயம்தான்.

மீறினால்? 142-வது பிரிவு வருகிறது. முன்பதிவு டிக்கெட்டையோ சீசன் டிக்கெட்டையோ இன்னொருவர் பயணம் செய்வதற்காக விற்றாலும் சரி, சும்மா கொடுத்தாலும் சரி, 3 மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். வாங்கிக்கொண்டு பயணம் செய்கிறவர் டிக்கெட் இல்லாமல் வந்தவராகவே கருதப்படுவார். டிக்கெட் கட்டணத்தோடு, அதே அளவு தொகையோ 250 ரூபாயோ, இரண்டில் எது அதிகமோ அதைக் கூடுதலாகக் கட்ட வேண்டும்.

"டி.டி.ஆர். எல்லாரையுமா பார்க்கிறார்?" என்று கேட்பவர்கள் உண்டு. பார்க்காத நாளும் இருக்கலாம்தான். ஆனால் பார்க்கிற நாளில் பதில் சொல்ல வேண்டியது, "உன் பேர் என்னப்பா?" என்று கேட்டதும் யார் பெயரைச் சொல்வதென்று தெரியாமல் விழிக்கிற பதினைந்து வயதுப் பையன்.

நேர்வழி இருக்கிறதே!

இந்தக் கதையில் பலருக்கும் தெரியாத பகுதி இதுதான். டிக்கெட்டில் உள்ள பெயரை மாற்றிக்கொள்ள ரயில்வேயே வழி வைத்திருக்கிறது. தனியாகக் கையெழுத்து வாங்கப் பெரிய அதிகாரிகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. கணினி முன்பதிவு மையத்திலேயே முடிந்துவிடும்.

உறுதியான டிக்கெட் வைத்திருக்கும் ஒருவர், தன் குடும்பத்தில் ஒருவருக்கு அதை மாற்றித்தரச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். குடும்பம் என்றால் அப்பா, அம்மா, அண்ணன் தம்பி, அக்கா தங்கை, மகன், மகள், கணவன், மனைவி. இவ்வளவுதான். ரயில் புறப்படும் நேரத்துக்கு 24 மணி நேரம் முன்பாகவே கேட்டுவிட வேண்டும்.

இங்கேதான் பாட்டியின் கணக்கும் ரயில்வேயின் கணக்கும் பிரிகின்றன. நம் வீடுகளில் சித்தப்பா மகன் தம்பி, பெரியம்மா மகள் அக்கா. ரயில்வேயின் பட்டியலில் அவர்கள் இல்லை. மாமனார், மாமியார், மருமகள், மச்சான், அத்தை மகன் யாரும் இல்லை. நண்பனும் இல்லை. எனவே மூத்த மகனின் டிக்கெட்டை அவனுடைய உடன்பிறந்த தம்பிக்கு மாற்றலாம், சித்தப்பா பையனுக்கு மாற்ற முடியாது. அவனுக்குப் புதிதாகத்தான் டிக்கெட் போட வேண்டும்.

மாற்றுவதற்கு என்ன செய்ய வேண்டும்?

• டிக்கெட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆன்லைனில் போட்டதென்றால் அதை அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

• டிக்கெட்டில் பெயர் உள்ள ஒருவரின் அசல் அடையாள அட்டையும், புதிதாகப் போகிறவரின் அடையாள அட்டையும் வேண்டும்.

• இருவருக்கும் உள்ள உறவைக் காட்ட ஆதாரம் வேண்டும். ஒரே ரேஷன் கார்டில் இரண்டு பெயரும் இருந்தால் வேலை சுலபம்.

• இவற்றோடு அருகிலுள்ள ரயில்வே முன்பதிவு கவுண்டருக்குப் போய், பெயர் மாற்றக் கோரி விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். ஆன்லைன் டிக்கெட்டாக இருந்தாலும் இதற்கு நேரில்தான் போக வேண்டும்.

24 மணி நேரம் என்பதைக் கொஞ்சம் முன்தள்ளிக் கணக்குப் போடுவது நல்லது. சனிக்கிழமை காலை 8 மணி ரயில் என்றால் வெள்ளி காலை 8 மணிக்குள் வேலை முடிந்திருக்க வேண்டும். முன்பதிவு கவுண்டர் இரவு பகலாகத் திறந்திருக்காது. ஆக, வியாழக்கிழமையே போய்விடுவதுதான் புத்திசாலித்தனம்.

இந்த மாற்றம் ஒரு டிக்கெட்டுக்கு ஒரு முறைதான். தட்கலில் எடுத்த டிக்கெட்டுக்கு இந்த வசதியே கிடையாது. அவசரத்தில் தட்கல் போடுகிறவர்கள், யார் போகிறார்கள் என்பதை முடிவு செய்துவிட்டுப் பெயரைத் தட்டுவது நல்லது.

கல்யாண வீட்டுக்கும் கல்லூரிக்கும் தனி விதி

மாப்பிள்ளை வீட்டார் 40 பேர் ஒரே குழுவாக டிக்கெட் எடுத்திருக்கிறார்கள். கடைசி நேரத்தில் நாலு பேர் வரவில்லை, வேறு நாலு பேர் வருகிறார்கள். இதற்கும் வழி உண்டு. குழுவின் தலைவர் என்று சொல்லக்கூடியவர், ரயில் புறப்படும் நேரத்துக்கு 48 மணி நேரம் முன்பு எழுதிக் கொடுக்க வேண்டும். மொத்தப் பேரில் 10 சதவீதம் வரைதான் மாற்றலாம். 40 பேருக்கு 4 பேர். இங்கே ரத்த உறவு பார்ப்பதில்லை.

பள்ளி, கல்லூரிச் சுற்றுலாவுக்கும் இதே 48 மணி நேரம், இதே 10 சதவீதம். கேட்க வேண்டியவர் தலைமையாசிரியர் அல்லது கல்லூரி முதல்வர். அதே கல்லூரியில் படிக்கிற இன்னொரு மாணவருக்குத்தான் மாற்ற முடியும். பெரம்பலூர், அரியலூர் மாவட்டக் கல்லூரிகளிலிருந்து வருஷா வருஷம் சுற்றுலா போகிற வகுப்புகளுக்கு இந்த விதி ரொம்பவே உதவும்.

அக்கா ஐடியில் தம்பிக்கு டிக்கெட்?

2024 ஜூனில் வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றியது. ஐ.ஆர்.சி.டி.சி. ஐடியில் வேறு ஆளுக்கு டிக்கெட் போட்டால் ஜெயில் என்று பலரும் பயந்துபோனார்கள். அது உண்மையில்லை என்று ரயில்வே உடனே விளக்கம் கொடுத்தது. உங்கள் ஐடியில் குடும்பத்தாருக்கும் உறவினருக்கும் நண்பருக்கும் தாராளமாக டிக்கெட் போடலாம். மாதத்துக்கு 12 டிக்கெட் வரை, ஆதாரை இணைத்திருந்தால் 24 வரை போடலாம்.

இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. யாருடைய ஐடியிலிருந்து போடுகிறீர்கள் என்பது பிரச்சினை அல்ல. போகிறவரின் பெயர் டிக்கெட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் தனிப்பட்ட ஐடியில் போட்டு லாபத்துக்கு விற்றால், அது 143-வது பிரிவில் வேறு குற்றம். 3 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம்.

2025 ஜூலையிலிருந்து ஆன்லைன் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பு கட்டாயமாகிவிட்டது. ஓ.டி.பி. வந்தால்தான் டிக்கெட். அந்த எண்ணைக் கேட்டு யார் போன் செய்தாலும் சொல்லாமல் இருக்கப் பெரியவர்களிடம் எடுத்துச் சொல்லி வையுங்கள்.

ஒருவர் அட்டை போதும்... ஆனால்?

2012 டிசம்பர் 1 முதல், முன்பதிவு செய்த எல்லா வகுப்புகளிலும் அடையாள அட்டை வேண்டும். ஒரே பி.என்.ஆரில் ஐந்து பேர் என்றால், ஐவரில் ஒருவர் அசல் அட்டை காட்டினால் போதும். ஆதார், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட், பான் கார்டு, ஓட்டுநர் உரிமம், அங்கீகாரம் பெற்ற பள்ளி, கல்லூரியின் புகைப்பட அட்டை, தேசியமயமாக்கப்பட்ட வங்கியின் புகைப்படம் ஒட்டிய பாஸ்புக் ஆகியவை செல்லும்.

ஜெராக்ஸ் செல்லாது. வாட்ஸ்அப்பில் வந்த ஆதார் போட்டோவும் செல்லாது. டிஜிலாக்கரில் இருக்கும் ஆதாரையும் ஓட்டுநர் உரிமத்தையும் காட்டலாம். ஆனால் அரசுத் துறையிலிருந்து நேரடியாக வந்து சேர்ந்த ஆவணமாக இருக்க வேண்டும். நீங்களே படம் பிடித்து அதில் ஏற்றி வைத்தது கணக்கில் வராது.

இதில் குடும்பங்கள் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. அப்பா ஒருவரிடம்தான் அட்டை இருக்கிறது என்று மற்றவர்கள் வெறுங்கையோடு கிளம்புவார்கள். கடைசி நேரத்தில் அப்பாவால் வர முடியாமல் போகும். அவரோடு அடையாளமும் வீட்டிலேயே தங்கிவிடும். மீதி நாலு பேரும் சரியான டிக்கெட் இருந்தும் டிக்கெட் இல்லாதவர்கள் ஆகிவிடுவார்கள். ஆளுக்கொரு அட்டை, பாட்டி உட்பட, பையில் இருப்பதுதான் பாதுகாப்பு.

பெயர் விஷயத்திலும் கவனம் தேவை. நம் ஊரில் இனிஷியல் ஒரு தீராத தலைவலி. ஆதாரில் பெயருக்குப் பின்னால் இனிஷியல், சான்றிதழில் முன்னால், வீட்டில் கூப்பிடுவது வேறு பெயர். டிக்கெட் போடும்போது வீட்டுப் பெயரைத் தட்டாமல், கையில் கொண்டுபோகப் போகிற அட்டையில் உள்ளபடியே தட்டுங்கள். விமான டிக்கெட்டில் இது இன்னும் முக்கியம். திருச்சி விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுவார்கள்.

பெயர் எதற்கு இவ்வளவு முக்கியம்?

கள்ளச்சந்தையைத் தடுக்கத்தான் பெயர் பார்க்கிறார்கள் என்பது பொதுவாகச் சொல்லும் காரணம். அது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அரியலூர் அதை அறியும்.

1956 நவம்பர் 23-ம் தேதி விடியும் முன், சென்னையிலிருந்து வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் விபத்துக்குள்ளானது. வெள்ளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். தார்மிகப் பொறுப்பேற்று ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அரியலூர் என்ற பெயரை இந்தியாவே உச்சரித்த நாள் அது.

விபத்து என்று செய்தி வந்ததும் வீட்டில் இருப்பவர்கள் முதலில் தேடுவது பெயர்ப் பட்டியலை. அதில் அண்ணன் பெயர் இருந்து, பெட்டியில் தம்பி இருந்தால்? வீட்டில் பத்திரமாக இருப்பவரைத் தேடுவார்கள். அடிபட்டுக் கிடப்பவரைத் தேட ஆளிருக்காது. 2023 ஜூன் 2-ம் தேதி ஒடிசாவின் பாலசோர் அருகே நடந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்தில், அடையாளம் தெரியாத உடல்களைப் புவனேஸ்வர் எய்ம்ஸில் வைத்து, டி.என்.ஏ. பரிசோதனை செய்து உறவினர்களிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. அந்தக் குடும்பங்கள் காத்திருந்த நாட்களை நினைத்தாலே நெஞ்சு கனக்கும்.

பணமும் பெயரைத் தொடர்ந்துதான் வருகிறது. ரயில் விபத்தில் உயிரிழந்தால் ரயில்வே சட்டப்படி 8 லட்சம் ரூபாய் இழப்பீடு. ஆனால் இறந்தவர் செல்லத்தக்க டிக்கெட்டில் வந்த பயணியா என்பது முதல் கேள்வியாக எழும். ஆன்லைனில் டிக்கெட் போடும்போது தலைக்கு 45 பைசாவில் காப்பீடு எடுக்கலாம். அதில் மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை, மருத்துவமனைச் செலவுக்கு 2 லட்சம் ரூபாய் வரை உண்டு. அந்தக் காப்பீடு டிக்கெட்டில் பெயர் உள்ளவருக்குத்தான். அவர் சீட்டில் உட்கார்ந்து போனவருக்கு அல்ல. சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், ஒரு குடும்பத்துக்கு வர வேண்டிய லட்சங்கள் கைவிட்டுப் போகலாம்.

தீம் பார்க் வாசலில்

இனி பார்க் டிக்கெட். இங்கே நிலைமை கொஞ்சம் இளகியிருக்கும். ஒரு நாள் டிக்கெட்டில் பெரும்பாலும் முன்பதிவு செய்தவர் பெயரும், பெரியவர் எத்தனை, சிறியவர் எத்தனை என்ற கணக்கும், தேதியும்தான் இருக்கும். அண்ணனுக்குப் பதில் சித்தப்பா பையன் வந்தால் பொதுவாகச் சிக்கல் இருக்காது. ஆனாலும் பார்க்குக்குப் பார்க் விதி மாறும். டிக்கெட்டின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதை ஒரு முறை படித்துவிடுங்கள்.

கவனிக்க வேண்டியது சலுகை டிக்கெட்டை. மாணவர் சலுகையில் எடுத்திருந்தால் வாசலில் கல்லூரி அட்டை கேட்பார்கள். முதியோர் சலுகை என்றால் வயதுச் சான்று. பிள்ளைகள் விஷயத்தில் ரயிலும் பார்க்கும் வேறு வேறு. ரயிலில் வயது பேசும். 5 வயதுக்குக் கீழ் டிக்கெட் தேவையில்லை. 5 முதல் 12-க்குள் இருந்து தனிச் சீட்டோ படுக்கையோ கேட்காவிட்டால் அரைக் கட்டணம், கேட்டால் முழுக் கட்டணம். தீம் பார்க்கில் உயரம் பேசும். 2025 டிசம்பரில் சென்னையை அடுத்த திருப்போரூர் அருகே திறக்கப்பட்ட வொண்டர்லாவில் 85 சென்டிமீட்டருக்குக் கீழ் இலவசம். 85 முதல் 140 வரை சிறுவர் கட்டணம். "வயசைக் குறைச்சுச் சொல்லுடா" என்ற பழைய உத்தி அளவுகோலிடம் எடுபடாது.

இன்னொன்று, கியூஆர் கோடு. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் டிக்கெட்டின் ஸ்கிரீன்ஷாட்டைப் போடுவது பலருக்கும் பழக்கம். அந்தக் கோடு ஒரு முறை ஸ்கேன் ஆகிவிட்டால் அவ்வளவுதான். பின்னால் வருகிறவர் அதையே காட்டினால் கதவு திறக்காது. முன்பின் தெரியாதவரிடம் பாதி விலைக்குக் கோடு வாங்குவதும் இதே காரணத்தால் ஆபத்து. அவர் அதை எத்தனை பேருக்கு விற்றார் என்பது வாசலுக்குப் போனால்தான் தெரியும்.

வெளிநாட்டில் இது இன்னும் கெடுபிடி. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டில் பல நாள் டிக்கெட் உண்டு. நாள் கூடக்கூட ஒரு நாளின் விலை குறையும். அதனால் ஐந்து நாள் டிக்கெட் வாங்கி, மூன்று நாள் சுற்றிவிட்டு, மீதி இரண்டு நாளை விற்கிற பழக்கம் வந்தது. அதைத் தடுக்க வாசலில் விரலை வைத்துச் சரிபார்க்கும் முறை கொண்டுவந்தார்கள். பாதி பயன்படுத்திய பல நாள் டிக்கெட்டை விற்பது அந்த மாநிலத்தில் சட்டப்படியே குற்றம். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற பெற்றோர், "எங்க டிக்கெட்ல ரெண்டு நாள் மிச்சம் இருக்கு" என்று யாராவது அன்போடு நீட்டினால் நன்றி சொல்லி மறுத்துவிடுவதே நல்லது.

புறப்படும் முன்

• ரயிலில் யார் வரப் போகிறாரோ அவர் பெயரில் மட்டும் டிக்கெட் இருக்கட்டும்.

• ஆள் மாறினால், உடன்பிறந்தவர், பெற்றோர், பிள்ளை, கணவன், மனைவி என்றால் 24 மணி நேரத்துக்கு முன்பே கவுண்டரில் பெயரை மாற்றுங்கள். வேறு உறவென்றால் பழையதை ரத்து செய்து புதிதாக எடுங்கள்.

• ஐந்து பேரில் ஒருவர் மட்டும் வரவில்லை என்றால், அவர் பெயரை மட்டும் ரத்து செய்யலாம். மற்ற நால்வர் டிக்கெட்டுக்கு ஒன்றும் ஆகாது.

• காப்பீட்டுக் கட்டத்தைத் தேர்வு செய்து, வாரிசு விவரத்தையும் நிரப்புங்கள்.

• ஆளுக்கொரு அசல் அட்டை. பார்க்கில் சலுகை கேட்டிருந்தால் அதற்கான சான்று.

டிக்கெட்டை ரத்து செய்தால் கொஞ்சம் பணம் பிடித்துக்கொள்வார்கள்தான். ஆனால் தன் சொந்தப் பெயரில், சொந்த சீட்டில் உட்கார்ந்து வருகிற பிள்ளை, டி.டி.ஆர். வரும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாகச் சுண்டல் சாப்பிடலாம்.